மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார்கள்

தம்பி செந்தில்,

ரேவதி இங்கே அட்டுவம்பட்டியில், நம் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய அண்ணனுக்கும் தோழிகளுக்கும் போன் போட்டுக்கொண்டு நீ அலைய வேண்டாம் என்பதற்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மதியம் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையில் ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்றாள். அழுத்திப் பிடித்திருந்த துண்டில் ரத்தம் காய்ந்து அட்டைபோல விறைத்திருந்தது. நான் கதவைத் திறந்ததும், "ஒண்ணுமில்ல அத்தை, பதறாதீங்க" என்றாள். அடிபட்டவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் கூட்டிவந்தேன். காயம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும் என்று நர்ஸ் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் ரேவதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அடித்தவனைப் பெற்றவள் இவள்தானா என்று பார்ப்பதுபோல இருந்தது.

நடந்ததை அவளிடம் கேட்டேன், அவள் இங்கே இருப்பதைச் சொல்லாமல் போனில் உன்னிடமும் கேட்டேன். இருவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் உன் விரலில் குத்தி அவள் சர்க்கரை பார்த்தாள். மெஷின் முந்நூறுக்கு மேலே காட்டியது. அவள் உன் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டாள். நீ அந்த மெஷினை எடுத்து எறிந்தாய். "சுவத்துலதாம்மா எறிஞ்சேன்" என்றாய். சுவருக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், தம்பி. பிறகு நீ இரண்டு விஷயம் சொன்னாய். "சுகர் லோ ஆயிருச்சும்மா, அன்னைக்கு அப்பாவுக்கு ஆன மாதிரி. என்ன செய்யறோம்னே தெரியல." இது ஒன்று. "சிகரெட்டை விட்டதாலதான அப்பா அன்னைக்கு அவ்வளவு அடி வாங்குனாரு, என்னையும் விடச் சொல்றியா?" இது இன்னொன்று. உன் கை செய்ததற்கும் அந்த நாள்தான் காரணம், உன் வாய் விடாததற்கும் அந்த நாள்தான் காரணம். அப்பாவின் தாடை உடைந்த ஒரு நாளை நீ இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கேடயமாக்கி வைத்திருக்கிறாய் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாளைப் பற்றி நாம் வீட்டில் பேசியதே இல்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மட்டும் பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள். மாலை போட்டுக்கொண்டு குடித்துவிட்டு வந்த கமிஷன் கடைக்காரருக்கு முருகன் அங்கேயே தண்டனை கொடுத்தான் என்று புதிதாக வரும் லோடு ஆட்களுக்குக் கதை சொல்கிறார்களாம். அதனால்தான் இதை உன் போனுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மார்க்கெட்டுக்கு ஒரு தவறான கதை தெரியும். உனக்கு இன்னொரு தவறான கதை தெரியும். நடந்தது இரண்டும் இல்லை.

முதலில் கொஞ்சம் பாடம். முகம் சுளிக்காதே. வாழ்நாள் முழுக்க கொடைக்கானலில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான், என் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நம் தெருவில் காட்டெருமை வருவது உனக்குப் புதிதல்ல. நீ பள்ளிக்கூடம் கிளம்பிக் கேட்டைத் திறந்த ஒரு காலையில், கையெட்டும் தூரத்தில் ஒன்று நின்றது நினைவிருக்கிறதா? மூச்சு உன் முகத்தில் பட்டது என்றாய். நீ ஓடினாய். அது பக்கத்து வீட்டு ஸ்கூட்டரைக் கொம்பில் தூக்கி வீசியது, மிதித்தது, ஹாண்டில்பாரை வளைத்துச் சாக்கடையில் தள்ளியது. நீ எப்படி அவ்வளவு வேகமாக ஓடினாய்? பயந்த அந்தக் கணத்தில் உன் உடம்பு தன் சேமிப்பைத் திறந்துவிட்டது. கல்லீரல் வைத்திருந்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டியது, இதயம் அதை அடித்து விரட்டிக் கால்களுக்குக் கொடுத்தது. நீ ஓடியதில் அது எரிந்து தீர்ந்தது. இப்போது கேள். ஒரு சிகரெட்டை நீ இழுக்கும்போது நிகோடின் உன் உடம்புக்குள் போய் அதே ஆபத்து மணியை அடிக்கிறது. காட்டெருமை வந்துவிட்டது என்று உடம்பு நம்புகிறது. சர்க்கரையைக் கொட்டுகிறது. ஆனால் நீ ஓடவில்லை. மண்டியில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து புகை விடுகிறாய். கொட்டிய சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது. அது தீருவதற்குள் அடுத்த சிகரெட், அடுத்த காட்டெருமை. ஒரு நாளில் எத்தனை மிருகங்களை உனக்குள் அவிழ்த்து விடுகிறாய் என்று நீயே யோசித்துப் பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதற்கு உன் மண்டியையே எடுத்துக்கொள். மேல்மலையிலிருந்து கேரட் லாரிகள் வந்து வரிசையில் நிற்கின்றன. ஷட்டரைத் தூக்க ஆள் இருந்தால் மூட்டைகள் உள்ளே போகும், ரோடு காலியாகும். லாரி ரத்தத்தில் வரும் சர்க்கரை, ஷட்டர் உன் சதையின் கதவு, தூக்குகிற ஆள் இன்சுலின். நிகோடின் அந்த ஷட்டரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஆள் தூக்கிய கதவுக்கு மூன்று பேர் தேவைப்படும். கணையம் என்கிற உறுப்பு ஆள் அனுப்பி அனுப்பிக் களைத்துப்போகும். சர்க்கரையே இல்லாமல் இருந்தவனுக்குப் புகைப்பழக்கத்தால் சர்க்கரை வருவது இந்த வழியில்தான். ஏற்கெனவே வந்தவனுக்குக் கட்டுப்படாமல் போவதும் இந்த வழியில்தான். உனக்கு வந்தது பரம்பரை என்று சொல்கிறாய். அப்பாவிடமிருந்து உனக்கு வாய்ப்பு வந்திருக்கலாம். அதை வா வா என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது நீ. புகையில்லாத ஏதோ கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறாயாமே, ரேவதி சொன்னாள். அதில் புகைதான் இல்லை. நிகோடின் இருக்கிறது. காட்டெருமைக்கு மணி கட்டிவிட்டால் அது பசுவாகிவிடாது.

இனி அப்பாவின் கதை. உன் அப்பா எவ்வளவு புகைத்தார் என்பது உனக்குத் தெரியும். ஏலம் கூவும்போதுகூட உதட்டோரத்தில் ஒன்று தொங்கும், அது விழாமல் விலை சொல்லுவார். அவருக்கு எழுதிய இன்சுலின் அளவு அப்படிப் புகைக்கிற உடம்புக்கு எழுதிய அளவு. இறுகிக் கிடக்கிற ஷட்டரைத் தூக்கத் தேவையான ஆள் பலம் அது. அந்த வருஷம் மார்கழியில் லோடு ஆட்களோடு சேர்ந்து பழனிக்கு நடப்பதென்று அவர் மாலை போட்டார். பச்சை வேட்டி, வெறுங்கால், ஒரு வேளைச் சாப்பாடு, சிகரெட் அறவே கிடையாது. நான் எத்தனை வருஷம் கெஞ்சியும் விடாததை ஒரு துளசி மாலைக்காக ஒரே காலையில் விட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் ஊசி மட்டும் வழக்கம்போல வெள்ளனே எழுந்து, அதே அளவு, அவரே போட்டுக்கொண்டார். அதைக் குறைக்க வேண்டியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. விரதத்தில் விடவேண்டியவை எவை என்று எல்லோருக்கும் தெரியும். எதைக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

சில நாளில் அவருக்கு விடியற்காலையில் வேர்க்க ஆரம்பித்தது. கைவிரல் நடுங்கியது. நான் மலைமேல் வேலையில், அவர் ஒட்டன்சத்திரத்தில் கடையோடு; போனில்தான் என்னிடம் சொன்னார். "டீச்சர், ஒடம்பு பஞ்சு மாதிரி லேசா இருக்கு. நடந்தா தரையில கால் பாவ மாட்டேங்குது. எல்லாம் அவன் கிருபை." அந்த வாரம் மார்க்கெட் பந்தலில் சாயங்காலப் பஜனை. நீயும் இருந்தாய். அப்பா எழுந்து நின்றார், உடம்பு வெடவெடவென்று ஆடியது, கண் மேலே செருகியது, வேர்வை வேட்டி நுனிவரை சொட்டியது. "சாமி வந்துருச்சு! வழி விடுங்கலே!" என்று கூட்டம் கத்தியது. விபூதியை அள்ளி நெற்றியில் அப்பினார்கள். கடன் தீராத ஒரு வியாபாரி காலில் விழுந்து, எப்போது தீரும் என்று கேட்டார். யாரோ பஞ்சாமிர்தத்தை வழித்து வாயில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பா தெளிந்து உட்கார்ந்தார். பார்த்தவர்களுக்கு அது அருள். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் வெல்லமும் தேனும் இருக்கின்றன, சர்க்கரை இறங்கிப்போன உடம்புக்கு அதுதான் மருந்து என்று அந்தப் பந்தலில் எவருக்கும் படவில்லை. அன்று முதல் மார்க்கெட்டில் அவருக்குத் தனி மரியாதை. "சாமி, ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்று கொத்தமல்லிக்கட்டு விற்கிற பெண்கள்கூட வந்து நிற்பார்களாம்.

அதே உடம்பு அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி நடுங்கியது. அன்று பஜனை இல்லை, ஏலம். தைப்பூசத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், நான் அப்பாவைப் பழனி நடைக்கு வழியனுப்ப மலையிறங்கி வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து நான் மார்க்கெட் வாசலுக்கு வருவதற்குள் பாதி நடந்துவிட்டது. அந்தப் பாதியைக் காதர் பாய்தான் பிறகு எனக்குச் சொன்னார். நம் கடைக்குப் பக்கத்து வெங்காயக் கடைக்காரர். அப்பா ஒன்றும் சாப்பிடாமல், ஊசி போட்டுக்கொண்டு, பூஜைக்கு முன்பே ஏலத்துக்கு வந்துவிட்டார். விலையை மாற்றி மாற்றிக் கூவினார். பீன்ஸுக்குக் கேரட் விலை சொன்னார். "என்ன சாமி, வெலையில வெளையாடுறீங்க?" என்று ஒரு லாரி டிரைவர் சிரித்தான். அவ்வளவுதான். மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கி பக்கத்தில் கிடந்தது. அப்பா அதை எடுத்து வீசினார். டிரைவரின் தோளில் கொக்கி இறங்கி, சட்டையோடு சதையையும் கிழித்துக்கொண்டு வந்தது. கேரட் குவியல்மேல் ரத்தம் தெறித்தது. அப்பா மறுபடி ஓங்கினார். நாக்கு குழறியது. கெட்ட வார்த்தை, உன் அப்பா வாயில் நான் கேட்டே அறியாத வார்த்தைகள். "சாமி குடிச்சிருக்குலே!" என்று ஒருத்தன் கத்தினான். "மாலை போட்டுக்கிட்டுக் குடிச்சிருக்கான்!" என்று இன்னொருத்தன். அந்தச் சொல்லுக்குப் பிறகு அங்கே நின்ற அத்தனை முகமும் மாறிவிட்டது என்றார் பாய்.

ஆனாலும் யாரும் கை வைக்கவில்லை. மாலை போட்டவரை எவன் தொடுவான்? சுற்றி நின்று கத்தினார்கள், அவ்வளவுதான். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது நீ அப்பாவின் கையிலிருந்து கொக்கியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். அவர் உன் நெஞ்சில் உதைத்தார். நீ கீழே விழுந்து எழுந்தாய். எழுந்த வேகத்தில் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாய். "மானத்த வாங்கிட்டியே!" என்று அழுதுகொண்டே அறைந்தாய். முதல் அடி அது. பெற்ற மகனே அடித்துவிட்டான், இனி என்ன? ஆனாலும் ஒரு பெரியவர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். "மாலையக் கழட்டுங்கலே மொதல்ல" என்றார். இரண்டு பேர் அப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெரியவர் துளசி மாலையை, நூல் அறாமல், மெதுவாக, தலைவழியாகக் கழற்றினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு தக்காளிப் பெட்டிமேல் துண்டை விரித்து அதில் வைத்தார். பிறகு அடித்தார்கள்.

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தராசுத் தட்டால் ஒருவன் வாயில் அடித்தான். பல் தெறித்தது. விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள், காதோடு சேர்த்து மிதித்தார்கள். போன வாரம் அவர் காலில் விழுந்த வியாபாரியும் அதில் இருந்தார். என் கணவரின் முகத்தை நான் அந்தக் கால்களுக்கு நடுவில் தேடினேன். காதர் பாய் பெரிய சரீரம், உனக்குத் தெரியுமே, அவர் அப்படியே அப்பாமேல் குப்புற விழுந்து கவிழ்ந்துகொண்டார். "அடிக்கிறதுன்னா என்னைய அடிங்கலே! இந்த ஒடம்புல எடம் நெறைய கெடக்கு!" என்று கத்தினார். அந்த நேரத்திலும் அவர் கேலியாகத்தான் கத்தினார். முதுகில் அவருக்கும் விழுந்தது. நான் அவருக்குக் கீழே கையை விட்டு அப்பாவைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தார், வேர்வையில் வழுக்கினார். வாயருகே குனிந்தேன். ரத்த வாசனை இருந்தது. சாராய வாசனை துளியும் இல்லை. "சுகரு! சுகரு எறங்கிருச்சு! குடிக்கல, மோந்து பாருங்கடா!" என்று நான் போட்ட சத்தத்தில் என் தொண்டை கட்டி, பிறகு பல நாள் பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது. டீக்கடையிலிருந்து சர்க்கரை டப்பாவை ஒருத்தன் கொண்டு வந்தான். உடைந்த தாடைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது, புரையேறிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரவிரலில் சர்க்கரையைத் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே தக்காளி டெம்போவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நீ வரவில்லை. உன் கையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாய்.

நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் அப்பா கண்ணைத் திறந்தார். உடைந்த வாயால், "என்ன டீச்சர், கேரட் வண்டி வந்துருச்சா?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அங்கிருந்த பெண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, சிகரெட்ட நிறுத்துனத எங்ககிட்டச் சொல்ல வேணாமா?" "கெட்ட பழக்கத்தத்தான் டாக்டர்கிட்டச் சொல்லணும்னு நெனச்சோம் மேடம், விட்டதச் சொல்லணும்னு தெரியாது." அவர் கோபப்படவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார். புகையை நிறுத்தினால் உடம்பு இன்சுலினுக்கு மறுபடி இணங்க ஆரம்பிக்கும், சிலருக்கு அது சீக்கிரமே நடக்கும், அதோடு இவர் பட்டினியும் கிடந்திருக்கிறார், ஆனால் ஊசி மட்டும் பழைய அளவில் போயிருக்கிறது என்றார். மூன்று பேர் தூக்கவேண்டிய ஷட்டர் இளகிவிட்டது. ஆனால் அதே மூன்று பேர் வந்து தூக்கியதில், ரோட்டில் ஒரு மூட்டைகூட மிஞ்சாமல் எல்லாம் உள்ளே போய்விட்டது. மூளைக்குச் சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லாத மூளை யாரையும் அடையாளம் காணாது.

ஆகவே தம்பி, சிகரெட்டை விட்டதற்காக உன் அப்பா அடி வாங்கவில்லை. விட்டதை டாக்டரிடம் சொல்லாமல், சாப்பிடாமல், அளந்து பார்க்காமல், பழைய ஊசியைப் போட்டதில்தான் வந்தது வினை. விட்டது அவரைக் காப்பாற்றியது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்த நாட்களில் அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார், "வாயைப் பூட்டிப் போட்டால்தான் விட முடியும் போல" என்று. எழுதிவிட்டு அவரே கண்ணால் சிரித்தார். கம்பியை எடுத்த பிறகும் அவர் தொடவில்லை. ஊசி அளவு படிப்படியாகக் குறைந்தது. ஆறாமல் கிடந்த கால் புண் ஆறியது, புகை சுருக்கி வைத்திருந்த ரத்தக்குழாய் விரிந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றார்கள். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். விட்ட புதிதில் சிலருக்குப் பசி எடுத்து எடை கூடும், சர்க்கரை கொஞ்ச காலம் ஏறவும் செய்யும். ஏறினாலும் இறங்கினாலும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத்தான் அந்தச் சின்ன மெஷின். அதைத்தான் நீ எறிந்தாய்.

இப்போது உன் முதல் கேடயத்துக்கு வருகிறேன். உனக்கு லோ ஆகவில்லை. முந்நூறுக்கு மேலே இருந்தது, எறிவதற்கு ஒரு நிமிஷம் முன்பு அவள் பார்த்தாள், நீயும் பார்த்தாய். உனக்கு நடந்தது வேறு. இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்க முடியவில்லை, நரம்பு முறுக்கிக்கொண்டது. அந்த முறுக்கு உண்மைதான், நான் மறுக்கவில்லை. உன் அப்பாவுக்கும் அது இருந்தது. மாலை போட்ட முதல் நாட்களில் குழம்புச் சட்டியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாராம், முற்றத்துக்குப் போய் விறகு பிளப்பாராம். விறகைத்தான் பிளந்தார். கொக்கி எடுத்த கைக்கு அது யார் தோள் என்று தெரியாது. மெஷின் எடுத்த கைக்குத் தெரியும். எதிரில் நிற்பது ரேவதி என்று தெரிந்தேதான் நீ எறிந்தாய். நிகோடின்மேல் எவ்வளவு பழி வேண்டுமானாலும் போடு, அதற்கு அத்தனையும் தகும். இந்த ஒன்றை மட்டும் அதன்மேல் போடாதே. இது உன்னுடையது.

நீ ஏன் அந்த நாளை இப்படித் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. சிகரெட்டை விட்டதுதான் குற்றவாளி என்று ஆகிவிட்டால், நீ கொடுத்த முதல் அறை குற்றவாளி இல்லை. இத்தனை வருஷமாக நீ அந்தக் கையைச் சிகரெட் பிடிக்கிற சோலியில் வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பாவுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, அம்மா சொல்லவும் மாட்டாள் என்று நீயும் நம்பினாய், நானும் நம்பினேன்.

இவ்வளவும் எழுதியபின் இன்று காலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு காது போய்விட்டதால் மற்றக் காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ரேவதி பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீ அறைந்தது வருகிற இடத்தில் நான் தயங்கினேன், அந்த வரியைத் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன்.

"படி டீச்சர். எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னது உங்களுக்கு? பாயா?"

"ஒருத்தரும் சொல்லல. அன்னைக்கு நடந்ததுல எனக்குக் கொக்கியும் ஞாபகமில்ல, டிரைவரும் ஞாபகமில்ல, பாய் மேல விழுந்ததும் ஞாபகமில்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் மண்டைக்குள்ள கெடக்கு. ஒரு கை வந்து அறைஞ்சுது. அந்தக் கையில சிகரெட் நாத்தம். நான் விட்டு நாளாச்சா, மூக்குல சுள்ளுன்னு ஏறுச்சு. மாலை போட்டவன எவனும் தொடமாட்டான்ல? அப்ப இது நம்ம பய கைதான். அடிச்சது வலிக்கல டீச்சர். நாம விட்ட எடத்துல இவன் புடிச்சிருக்கானேன்னுதான் இருந்துச்சு. பெறகு ஒண்ணும் தெரியல."

"இத்தன வருசமா ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?"

"அவன் தூக்கிக்கிட்டு அலையறான், நானும் எதுக்கு ஏத்தி வைக்கணும்னு இருந்தேன். இப்பப் பாரு, எறக்கி வைக்கத் தெரியாம மருமக தலையில போட்டிருக்கான்." பிறகு ரேவதியைப் பார்த்து, "ஏம்மா, நான் வாங்குன அடிக்குப் பல்லு போச்சு. ஒனக்குத் தையலோட போச்சு. குடும்பத்துக்கு வெரசாத் தரம் ஏறுது" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "சிரிக்க வைக்காதீங்க மாமா, தையல் இழுக்குது" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள். அப்பா அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு மீதிப் பீன்ஸை நறுக்கினார்.

உன்னை வரச் சொல்லலாமா என்று அவளிடம்தான் கேட்டேன். "வரட்டும் அத்தை. அவரு வந்து மாமா மொகத்தப் பாக்கட்டும். ஆனா நான் கூடப் போறதா வேணாமான்னு நான் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் எனக்காகச் சொல்லிராதீங்க" என்றாள். சொல்லமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். அவளை உன்னோடு அனுப்பி வைப்பதாக இந்தக் கடிதத்தில் எங்கேயாவது நீ படித்திருந்தால் அது என் எழுத்தில் இல்லை.

வருவதற்கு முன்னால் உன் டாக்டரைப் போய்ப் பார். சிகரெட்டை நிறுத்தப் போகிறேன், என் மாத்திரையை எப்படி மாற்றுவது, எப்போதெல்லாம் சர்க்கரை பார்ப்பது என்று வாய் திறந்து கேள். வெட்கப்படாதே. விடுவது கஷ்டமாக இருந்தால் அதற்கும் மருந்து உண்டா என்று கேள். பூசத்துக்கு இந்த வருஷம் மாலை போடப்போவதாக மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாயாமே, டாக்டர் சரி என்று சொல்லாமல் போடாதே. முருகன் காத்திருப்பான். கொடைரோடு வழியாக வருகிற பஸ் வேண்டாம், சுற்று. பழனி வழியாக ஏறு. வளைவுகளில் உனக்குக் குமட்டும், குமட்டினால் அந்தப் பாழும் பாக்கெட்டைத் தேடாதே, ஜன்னலைத் திற.

வெறும் வயிற்றோடு மலையேறாதே, தம்பி. சாப்பிட்டுவிட்டு வா.

அம்மா